தொண்ணூறாம் நாள்

வால்பரைசோவில் இன்னும் விடியவில்லை.
தொடையில் நுழைந்த கம்பி மூளைவரை ஏறி
அடைத்திருந்ததை இழுத்து வந்தது:
ஒரு நெல் நீளம்கூட இல்லை.
திரையில் கிளையெல்லாம் கறுத்து நிறைந்தது.
நாங்கள் கைதட்டாத குறை.

எலெயுத்தேரியோ, மலையேறும் லிஃப்டை ஓட்டுபவர்.
வலக்கை, யாரோ கட்டிலில் மறந்துவிட்டுப் போன பொருள்.

வயது, சர்க்கரை, எத்தனை மணிக்கு விழுந்தார்,
மறுநாள் மதிப்பெண் பதினொன்று.
கணக்கு சொல்கிறது: எழுந்து நடப்பவர்
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
"மீதிப் பேர் எங்கே போவார்கள்?"
ஓர்த்தென்சியா, சண்டைக்கு வந்தவள் போல.

ஊசி குத்தினாலும், பசித்தாலும், என்னைக் கண்டாலும்
அவரிடம் ஒரே சொல்:
"ஏறுங்க."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

தொண்ணூறாம் நாள் பார்ப்போம் என்றேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
"அது ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்."