இருபது எழுத்து

பாபு ராவ் தெரு லாட்ஜில்
இருந்த ஒரே ஃபேன்
கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றும்.
"அது சூடானா அம்பதாயிரம்,
நீ சூடானா ஒரு மோர்"
என்பார் இம்தியாஸ் பாய்.

பிளஸ் டூ லீவில்
ஃபாக்ஸ்ப்ரோவில் நானே எழுதியது
அந்த ரசீது ப்ரோக்ராம்.
பெயருக்கு இங்கிலீஷில் இருபது எழுத்து.
கொசப்பேட்டையில் யாருக்கு அதற்கு மேல் வேண்டும்?
அப்பா பூங்காவனமே
பதினொன்றில் அடங்கிவிடுவார்.

அகர்தலாவிலிருந்து வந்திருந்தார்,
வீட்டுக்காரருக்குத் தலையில் கட்டி,
நாற்பத்தோரு நாள் வாடகை.
ஹிரண்மயீ பட்டாச்சார்ஜி.
பிரிண்டர் கிறீச்சிட்டு
ஹிரண்மயீ பட்டாச்சா
என்றதோடு நின்றுகொண்டது.

தமிழில் அது ஒரு கேள்வி.
பாய் சிரித்தார், நானும்தான்.
அவருக்குப் புரியவில்லை,
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆடி மாதம் தபாலில் திரும்பி வந்தது ரசீது.
பெயர் பொருந்தவில்லையாம்,
ஆபீஸில் பணம் தரவில்லையாம்.
விட்டுப்போன நாலு எழுத்தைப்
பேனாவால் சேர்த்து
லாட்ஜ் சீல் குத்தி அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்ததா,
அவர் வீட்டுக்காரர் இருக்கிறாரா,
ஒன்றும் தெரியாது.

இப்போது திங்கள் விடிகாலை
காட்பாடியில் ஏறினால் பெங்களூர்.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை,
இங்கே எல்லாருக்கும் காற்று.
என் கோடைப் பார்த்த புதுப் பையன் கேட்கிறான்:
"பெயருக்கு இருநூற்றைம்பத்தைந்தா?
யாருக்கு மேடம் இவ்வளவு நீளம்?"

காரணம் எழுதும் கட்டத்தில்
கர்சர் விட்டு விட்டுத் துடித்தது.
"இருக்கட்டும்" என்று மட்டும் அடித்தேன்.