முக்கால் வேக்காடு

பண்ணைக்காட்டில் நான் வடிக்கிற சோறு
மனுஷ வாய்க்கு இல்லை.
குருணை அரிசி, முக்கால் வேக்காடு,
பருக்கை பருக்கையாய் உதிர வேண்டும்.
குழைந்தால் பூஞ்சணத்துக்கு மூச்சு முட்டுமாம்,
பூதலிங்கம் சார் சொன்னது.
என் வீட்டில் குழைந்தால்
பேசாமல் தின்கிறார்கள்.

பையில் கட்டி, பெரிய குக்கரில் ஏற்றி,
ஆறவிட்டு, ஊசியால் விதை போடுவேன்.
ஐந்தாம் நாள் லேசாய்ப் பனி.
பன்னிரண்டாம் நாள்
அரிசி எது மாவு எது, தெரியாது.

ரேஷன் மூட்டையில் பூசணம் வந்தபோது
மாமியார் என்னைத்தான் ஏசினாள்.
இங்கே அதை வளர்த்துக்கொடுத்தால்
நாளுக்கு நானூற்றுப் பத்து ரூபாய்.

காப்பிக்காயைத் துளைக்கிற வண்டு
எள்ளில் பாதி.
பறப்பதெல்லாம் பெட்டை.
ஆணுக்குப் பறக்கச் சிறகு கூடவில்லை,
பிறந்த காய்க்குள்ளேயே அவன் கதை முடியும்.
இவள்தான் செடி செடியாய் அலைந்து
பிள்ளைகளுக்கு வீடு பார்ப்பவள்.

மஞ்சு இறங்கும் நேரம் தெளிக்கணும்.
வெயில் கண்டால் விதை செத்துவிடும்.
ஒரு தூள் அவள் முதுகில் ஒட்டும்,
ஓட்டைத் துளைத்து உள்ளே இறங்கும்.
அங்கே அது சுரப்பதற்கு
முழ நீளத்தில் ஒரு பெயர்,
சார் பலகையில் எழுதிப்போட்டார்.
எனக்கு அது கசப்பு, அவ்வளவுதான்.
துளைக்கிறவளைத் துளைக்கிற கசப்பு.
துளையில் பாதி உடம்பு, வெளியே பாதி.
வெளியே நிற்கிற பாதியில்
ஒரு பஞ்சுத் திரி.

தம்பி அந்தோணிராசு பழைய மருந்து அடித்தவன்.
நீல டின், மண்டையோடு படம்.
டம்ளரைப் பிடித்தால் இன்றும் டீ தளும்பும்.
"இது கைக்கு ஒண்ணும் பண்ணாதா?" என்றான்.
பண்ணாது என்றேன்.
சார் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஐப்பசியில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
குக்கர் சரியாகச் சூடேறாமல்
நாற்பது பையிலும் பச்சைப் பூசணம்.
குழி வெட்டிப் புதைத்துவிட்டு,
நகக்கண்ணில் மண்ணோடு
செபஸ்தியான் தோட்டம் வழியே வந்தேன்.
கடனுக்குப் பயந்து அவர் போட்டுவிட்டுப் போன தோட்டம்,
யாரும் எதையும் தெளித்ததில்லை.
சில்வர் ஓக் அடியில், தாழ்ந்த கிளையில்
ஒரு காய்.
காயின் வாசலில் அவள்.
அவள்மேல் வெள்ளை.

சோறு கேட்காமல், குக்கர் கேட்காமல்
தானாய் வந்தது.

சாரிடம் சொன்னால்
குப்பியில் அடைத்து எண் போடுவார்.
சொல்லணும்தான்.
கீழேயிருந்து ஈரக்காற்று ஏறி வந்தது.
கிளையைப் பிடித்து
ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு
நடந்தேன்.