இருபது குரோனர்

கியர்பாக்ஸ் வரும்வரை கப்பல் நகராது என்றார்கள்.
நாலு நாள்.
நெக்ஸோ துறைமுகத்தில்
கட்டிப்போட்ட எருமை மாதிரி அது கிடக்க
நான் பஸ் ஏறித் தீவைச் சுற்றினேன்.

கெஜலட்சுமியிடம் இதைச் சொன்னது
உப்பனாற்றைக் கடக்கும் படகில்,
விடியக்காலை நாலரை,
ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி.
சிங்காரத்தோப்பு விளக்குகள்
பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"எவ்ளோ பெரிய தீவு?"
காலில் தெம்பு இருந்தால்
ஒரே நாளில் சைக்கிளில் சுற்றலாம்.
வரைபடத்தில், சாய்த்து வெட்டிய பர்பி.
ஆள்வது டென்மார்க்,
எட்டினால் தொடுவது சுவீடன்.
"நம்மளைத் தொட்டுக்கிட்டு பாகூரு
பாண்டிச்சேரியில இருக்கிறாப்ல."
அதே.

பிறகு ஊர் ஊராகச் சொன்னேன்.
ஸ்வானெக்கேயில் மஞ்சள் வீடுகள்,
கடலுக்கு இறங்கும் கருங்கல் படி,
மீன் புகைபோடும் வெள்ளைக் கூண்டுகள்.
மத்திக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி அந்த மீன்,
புகையில் தொங்கித் தொங்கிப்
பித்தளை நிறமாகிவிடும்.
உள்நாட்டில் ஒரு சர்ச்:
வட்டமாக, கூம்புத் தொப்பி போட்ட பத்தாயம்.
ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம்,
தூக்கம் வராமல் கடற்பறவைகள்
சின்னப் பிள்ளைகள் மாதிரி அடம்பிடித்தன.

அவள் எதற்கும் தலையாட்டவில்லை.
"ஏலம் எடுக்குற பொம்பளைங்க?"
பார்க்கவில்லை.
"காக்கா?"
பார்க்கவில்லை.
"சத்தம்?"
கொடிக்கம்பத்தில் கயிறு அடிக்கும் சத்தம்.
"அப்புறம் அது என்ன குப்பம்!"

அப்போதுதான் அதைச் சொன்னேன்,
சொல்ல வேண்டாம் என்று
ரெண்டு வருஷமாக வைத்திருந்ததை.

குத்ஹெம் போகும் சாலையோரம் ஒரு மரப்பெட்டி,
அதன் மேல் டப்பா டப்பாவாக ஸ்ட்ராபெரி.
ஆள் இல்லை. நாய்கூட இல்லை.
காசு போட ஒரு துவாரம்,
இருபது என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.
என்னிடம் சில்லறை இல்லை,
பெரிய நோட்டுதான்.
அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன்.
கோதுமை வயல் என்னைப் பார்த்தது.
ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு
நடந்துவிட்டேன்.
பஸ் நிறுத்தம்வரை
முதுகில் யாரோ இருந்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.
படகு சோனாங்குப்பம் மணலில் தட்டியது.

மறுநாள் அவள் செய்த காரியம் இது:
தார்ப்பாயில் கவளையைக் கூறு கட்டினாள்,
பக்கத்தில் எவர்சில்வர் தட்டு வைத்தாள்,
கூறு நூறு என்று கரியால் எழுதினாள்,
டீ குடிக்க என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி.
திரும்பி வந்தால்
தார்ப்பாயைச் சுற்றி நாலு பேர்.
செம்மலர் காக்கா விரட்டுகிறாள்.
அஞ்சாப்புலி மகன் ஐஸ் தூவுகிறான்.
வரதம்மா, நேற்றுவரை இவளிடம் பேசாத வரதம்மா,
கூறு நூற்றியிருபதுக்குக் குறையாது என்று
முதுநகர் வியாபாரியிடம்
தொண்டை கிழியச் சண்டை போடுகிறாள்.
"வெச்சிட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச?"
தட்டில் எழுநூற்று இருபது,
ரெண்டு செதில்.

"பாத்தியா," என்றாள் என்னிடம்,
"இங்க ஆளில்லாம ஒரு பொருள
வைக்கக்கூட முடியல."
பெருமையா சலிப்பா
எனக்குப் பிடிபடவில்லை.

அன்று ராத்திரி
கணக்கு நோட்டைப் புரட்டினேன்,
டீசல் பாக்கி எவ்வளவு என்று பார்க்க.
ஐஸ் கம்பெனி, ஆயிரத்து நூறு.
வலைக்காரர் தேசப்பன், நானூறு.
அதற்குக் கீழே,
மீன் ஈரம் பட்டுப் பரவிய நீல மையில்
அவள் கையெழுத்து:
டென்மார்க், ஸ்ட்ராபெரி, இருநூற்றைம்பது.
தரணும்.