பத்து மீற்றர்

சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை,
அதற்கு ஒரு பெட்டி.
முதலில் பால்மா ரின்னுக்குள் வைத்தேன்,
தகரம் அலையை விழுங்கிவிட்டது.
இப்போது ஐஸ்கிறீம் பெட்டி.
திருக்கடலூர்க் கரையில்
மீன் நிறுக்கும் கொட்டிலின் வளையில்
தங்கூசி நூலில் தொங்குகிறது.

தராசு காட்டும் நிறையைப்
படகுக்காரரின் போனுக்குச் சொல்லவேண்டும்.
வியாபாரி சிவஞானசோதி
"இதில அரைக்கிலோ தண்ணி" என்று
கொப்பியில் கழிப்பதற்கு முன்
எண் அவரவர் சட்டைப்பைக்குப் போய்விடவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

சொக்கெட்டைத் திற.
ஒரு வாசல் எண்ணில் அதைக் கட்டு.
காது கொடு.
நாலாவது வரி: ஏற்றுக்கொள்.

அந்த வரியில் நிரல் நின்றுவிடும்.
பழுதில்லை.
யாராவது வரும்வரை
அடுத்த வரி என்று ஒன்று அதற்கு இல்லை.
நான் எழுதியவற்றுள்
சும்மா இருப்பதற்கென்றே எழுதிய ஒரே வரி.

சோதித்த இரவு இரண்டு மணிக்கு
சீமெந்துப் பை ஒன்றை மென்றபடி
ஒரு புள்ளிமான் கொட்டில் வாசலில் வந்து நின்றது.
கிட்டத்தான் நின்றது, மூன்று மீற்றர்.
அதனிடம் முகவரி இல்லை.

மூன்று மணிக்குப் பிறகு
காற்றில் பெயர்கள் வரத் தொடங்கின.
கடல்ராசா 2.
தொடாதே.
மெரீனாவின் போன்
(வைத்திருப்பது மெரீனாவின் புருசன்).
பொலிஸ் ஜீப்
(ஐஸ் உடைக்கிற அனுஜிதன்).
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி,
அதை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நாலு படகும் ஒன்றாகக் கரைக்கு வந்த விடியலில்
மெரீனாவின் போன் மட்டும் உள்ளே.
மற்ற மூன்றுக்கும் பதிலில்லை.
செபமாலை அண்ணன்
கூடையை இறக்காமலே கேட்டார்:
"தங்கச்சி, உன்ர பெட்டிக்கு
ஒராளைத்தான் தெரியுமோ?"

கேட்டது சரி.
கதவு திறந்தவளே
வந்தவரோடு இருந்து கதைத்தால்
பிறகு வாசலில் ஆர்?
அன்றிரவே மாற்றினேன்.
வந்தவரைத் தனி இழையொன்றின் கையில் கொடுத்துவிட்டு
உடனே திரும்பவும் நாலாவது வரிக்கு.

அதற்குப் பிறகும் ஒரு பிழை.
போனவர் போய்விட்டாரென்று எழுத மறந்திருந்தேன்.
ஏழு பேருக்கு மேல் இடமில்லை என்றது
ஆளே இல்லாத கொட்டில்.

பத்து மீற்றர் என்பது
வாங்கிய கடையில் எழுதியிருப்பது.
நனைந்த உடம்புகள் நெருக்கி நின்றால் ஆறு.
ஒருவர் தோளில் அறுக்குளா கிடந்தால்
அதிலும் குறைவு.
மீனும் ஆளும் பாதிக்குமேல் தண்ணீர்,
அலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாசியில் செபமாலை அண்ணனுக்கும்
சிவஞானசோதிக்கும் முட்டிக்கொண்டது.
விலையில் தொடங்கி
தகப்பன்மாரில் போய் முடிந்தது.
இனி இந்தக் கொட்டில் மிதிக்கமாட்டேன் என்றார்.
மிதிக்கவில்லை.
மீனை மோட்டார்சைக்கிளில் கட்டி
நேரே சந்தைக்குக் கொண்டுபோகிறார்.

ஆனால் பதிவேட்டில்
ஒவ்வொரு நாளும் இரண்டு வரி இருக்கிறது.
3.41 கடல்ராசா 2 இணைந்தது.
3.41 கடல்ராசா 2 பிரிந்தது.

கொட்டிலைத் தாண்டும் அந்த நாலைந்து விநாடியில்
அவருடைய போன்
வழக்கம்போல வந்து தட்டுகிறது.
கோபம் அவருக்கு.
போனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பழைய இணைப்புகளை அழிக்க
ஒரு கட்டளை இருக்கிறது,
ஒரு வரிதான்.
நேற்றும் தட்டச்சு செய்தேன்,
எழுத்தெழுத்தாகப் பின்னால் வந்து அழித்தேன்.

யார் இணைந்தாலும்
தராசில் அப்போது உள்ளதைச் சொல்லவேண்டும்
என்றுதான் எழுதியிருக்கிறேன்.
அந்நேரம் தராசு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஆகவே தினமும் அவருக்கு,
இருட்டில், ஓடும் வண்டியில்,
சட்டைப்பைக்குள் ஒருமுறை அதிர்ந்து:
சுழியம் கிலோ,
சுழியம் கிராம்.