ஏழாம் படி

வீட்டை விற்கிற யோசனை இருந்தால்
முதலில் அந்தப் படிக்கட்டை ஏதாவது செய்யுங்கள்
என்றாள் லொரெய்ன், தரகுக்காரி.
மாடியில் ஒரு படுக்கை, கீழே சோபாவில் ஒரு படுக்கை,
இரண்டையும் பார்த்தாள்.
வேறெதுவும் கேட்காமல்
குறிப்பேட்டை மூடிக்கொண்டாள்.

வெர்லின் கம்பளத்தைக் கிழித்தான்.
பதினான்கு படி. படிக்கு நாற்பது ஸ்டேபிள் ஆணி.
குறடு ஒவ்வொன்றாய்க் கடித்துத் துப்பியது.
கம்பளத்துக்கு அடியில் பழுப்பு பெயின்ட்,
அதற்கு அடியில் பச்சை,
அதற்கும் அடியில்
தொண்ணூறு வருடம் முன்பு எவனோ பூசிய வார்னிஷ்,
தேன் நிறத்தில்.
மூன்று நாள் தேய்ப்பு எந்திரம் உறுமியது.
தலையணை உறையில், பல்துலக்கியில், சூப்பில்
மரத்தூள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆகஸ்டிலிருந்தே நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

நிறம் அவன் தேர்வு:
ஏரி நீலம், முத்து வெள்ளை, ஒரு சிட்டிகை வெள்ளித்தூள்.
டுலூத் துறைமுகத்தில் இருபது வருடமாகத்
தாதுக் கப்பல்களுக்குக் கயிறு கட்டுபவனுக்கு
வேறென்ன நிறம் தோன்றும்.

குளிர்பெட்டியில் ஒரு சீட்டு:
"மார்லிஸ், சனிக்கிழமை எபாக்சி ஊற்றுகிறேன்.
இருபத்துநான்கு மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது.
மேலேயா கீழேயா, நீயே முடிவு செய்."
அடியில் 'மேலே' என்று எழுதினேன்.
கெட்டில், ரொட்டி, பூனை,
பூனையின் மணல்தட்டு, எல்லாம் மாடியேறின.

அவன் உச்சிப்படியில் தொடங்கி
அரசனுக்கு முதுகு காட்டாத சேவகனைப்போல்
பின்னோக்கி இறங்கினான்.
படிக்கு ஒரு கோப்பை.
பிசின் இரண்டு பங்கு, இறுக்கும் திரவம் ஒரு பங்கு,
மூன்று நிமிடம் கலக்கு,
ஓரத்தைச் சுரண்டிக் கலக்கு, ஊற்று.
குச்சி நுனியால் நீலத்துக்குள் வெள்ளையை இழுத்தான்.
குமிழ்கள் கிளம்பின.
தீக்குழலை மேலே ஒருமுறை வீசினான்,
வாய் திறந்து மூச்சு விட்டு அடங்கின.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருப்பது
எனக்குப் புதுச் செய்தி.
உதடு அசைய அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏழாம் படிக்கு வரும்போது மணி ஒன்று.
காலையிலிருந்து காப்பிகூட இல்லை அவனுக்கு.
நான் நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது:
"சாப்பிட்டாயா?"

கோப்பை அந்தரத்தில் நின்றது.
"இல்லை."
"புகைபோட்ட மீன் மிச்சமிருக்கிறது."
"பார்த்தேன்."
அவ்வளவுதான்.
குனிந்தான். எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து
தொடர்ந்தான்,
அல்லது தொடர்வதாய் நினைத்தான்.

ஞாயிறு காலை, பதின்மூன்று படி கண்ணாடி.
வழுக்காதிருக்க விளிம்பில் நுண்மணல்.
முதல் ஆறையும்
உறைந்த ஏரிமேல் நடப்பதுபோல் இறங்கினேன்.
ஏழாவது, என் காலுறையைக் கழற்றி வைத்துக்கொண்டது.

வெர்லின் கட்டைவிரலை அழுத்தி எடுத்தான்.
நூல் நூலாய் வந்தது.
டப்பாவில் கோளாறு என்றான்.
அக்டோபர் குளிர் என்றான்.
மற்றப் பதின்மூன்றுக்கும் அதே டப்பா, அதே அக்டோபர்.
நான் எடுத்துச் சொல்லவில்லை.
எங்கே பிசகியது என்று எனக்குத் தெரியும்,
அவனுக்கும் தெரியும்,
அவன் காது மடல் சிவந்திருந்தது.

பங்கு தவறிக் கலந்தது எத்தனை நாள் வைத்தாலும் இறுகாதாம்.
மொத்தமும் சுரண்டித்தான் ஆகவேண்டும்.
அவன் எட்டாம் படியில் முழங்காலிட்டான்,
நான் ஆறாம் படியில் உட்கார்ந்தேன்.
ஆளுக்கொரு சுரண்டி.
நடுவில் நீலச் சேறு, பூனைமயிர் நாலைந்து.
இரண்டு மணி நேரம். பேச்சில்லை, 
ஒருமுறை மட்டும்
"விரலை எடு" என்றான்.

மறுபடி ஊற்றும்போது
கோப்பையை அவன் பிடித்தான்.
நான் எண்ணினேன்.
உரக்க.

நவம்பரில் வீடு விற்றது.
வாங்கிய பல் மருத்துவர், ஒரு படி மட்டும்
ஏன் ஆழ்ந்த நீலம் என்று கேட்டாராம்.
வெளிச்சம் அப்படி என்றாளாம் லொரெய்ன்.

என் வாடகை வீட்டுக்குப் படிக்கட்டே இல்லை.
இழுப்பறைக்குள் அந்த ஒற்றைக் காலுறை கிடக்கிறது.
நேற்றுத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் காயவில்லை.