எட்டு ரூபாய் வெயில்

போன சித்திரையில்
அனுப்பானடியில் எங்கள் மொட்டைமாடிக்கு
ஒன்பது தகடுகள் வந்தன.
எங்கள் என்பது பேச்சுக்கு.
வீடு பிரகலாதன் சாருடையது.
மாடிப் போர்ஷன் மட்டும்
மாதம் ஐயாயிரத்துக்கு என்னுடையது.

தெற்கே சாய்த்து, ஆள் குனிந்து போகும் உயரத்தில்
இரும்புக் கால் நட்டார்கள்.
துணிக்கொடியை அவிழ்த்து வடக்கே கட்டிக்கொண்டேன்.
அன்றிலிருந்து என் கூரை ராத்திரியில் வேகவில்லை.
அதற்கு மட்டும் சார் காசு கேட்கவில்லை.

கீழே இரண்டு ஏசி, கிரைண்டர், துணி துவைக்கும் மெஷின்.
இரண்டு மாதத்துக்கு ஆறாயிரம் கட்டியவர்
ஆனியில் பில்லைப் பிடித்துக்கொண்டு
படியேறி வந்து காட்டினார்:
முந்நூற்றுப் பன்னிரண்டு.
லட்டும் கொடுத்தார்.

வாசலில் மாட்டிய புது மீட்டருக்கு
வந்ததும் தெரியும், போனதும் தெரியும்.
படிக்கட்டடியில் இருக்கும் என் சப்மீட்டருக்குத்
தெரிந்ததெல்லாம் ஒரே திசை.
நூற்று முப்பது யூனிட்,
யூனிட்டுக்கு எட்டு ரூபாய்,
ஆயிரத்து நாற்பது.
லட்டு தின்ற மாதமும் அதேதான்.

கேட்டேன்.
"வெயிலு சும்மா வருது வர்ணம்,
தகடு சும்மா வரலைல்ல.
பேங்க் தவணை
நீ குடுக்குற வாடகையவிடக் கூட."
அதுவும் நியாயம்தான்.
நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால்
குறைவாக இருப்பவள்தான் வாயை மூடவேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை ஆறு மணி,
கண்ணாடி சூடாகும் முன்
இரண்டு வாளித் தண்ணீர், பழைய வாயில் புடவை, ஸ்டூல்.
புறா எச்சம், ரிங்ரோட்டுப் புழுதி,
யார் வீட்டிலோ தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு
எல்லாம் துடைப்பேன்.
'மேலதான இருக்க' என்று ஆரம்பித்தது.
மேலே இருப்பது ஒரு வேலை என்று
அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மாசியில் நாலு ஞாயிறு நான் ஏறவில்லை.
இடுப்பு வலி என்றேன்.
வலி நிஜம், பல வருஷத்து வலி.
சொன்ன நேரம்தான் பொய்.
மழையும் எனக்காகவோ என்னவோ
எட்டிப் பார்க்கவில்லை.

சாரின் போனில் பதின்மூன்று பத்தானது,
பத்து எட்டரை ஆனது.
காளவாசலிலிருந்து கம்பெனிப் பையன் வந்தான்.
மேலே போனான், விரலால் ஒரு கோடு இழுத்தான்,
கறுத்த விரலைச் சார் முகத்துக்கு நேரே நீட்டினான்.
"மிசின்ல ஒண்ணுமில்ல சார், அழுக்கு."
விசிட்டிங் சார்ஜ் ஐந்நூறு வாங்கிக்கொண்டான்.
அவன் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்கட்டும்.

மறுநாள் சார் படியில் பாதி ஏறி நின்றார்.
"இடுப்பு எப்படி இருக்கு?"
"எட்டு ரூவாயா இருக்கு சார்."
சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவினார்.
"ஏழு."
"ஆறு."
கீழேயிருந்து அவர் மனைவி, அடுப்படி ஜன்னல் வழியே,
"ஆறரைன்னு முடிச்சுட்டு வாங்க, காப்பி ஆறுது."
முடிந்தது.
இரண்டு மாதத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து மிச்சம்.
கால் சிலிண்டருக்குக்கூடப் பற்றாது.
ஆனாலும் நோட்டில் அந்த வரியை
இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

போன செவ்வாய் பராமரிப்பு மின்தடை,
ஒன்பதிலிருந்து இரண்டு வரை.
தெருவே உரலில் போட்ட மாதிரிக் கிடந்தது.
மேலே ஒன்பது தகட்டிலும் உச்சி வெயில்
வழிந்துகொண்டிருக்க
சார் வீட்டு ஃபேனும் நின்றிருந்தது.
லைன் போனால் இதுவும் தானே நின்றுவிடுமாம்,
கம்பத்தில் ஏறியவனுக்கு ஷாக் அடித்துவிடாமல்.
வாங்கும்போது யாரும் சொல்லவில்லை என்றார்,
பனியனால் விசிறிக்கொண்டே.

தகட்டு நிழலில் என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.
போனில் பூஜ்யம்.
நான் தரையில், நிழல் முடிகிற இடத்துக்கு
ஆரிச் சட்டத்தை இழுத்துப் போட்டு
கல்யாண ஜாக்கெட்டுக்கு மணி வைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குத் தெரியுதா வர்ணம்?"
"நல்லாத் தெரியுது சார்."