கம்பளிக் காலுறை, இரண்டு ஜோடி

நிலக்கரி நாட்களில்
சட்டைக் காலரைப் பார்த்தே
எந்த ஷிஃப்ட் என்று சொல்லிவிடுவான் ரெலு.
இப்போது வெள்ளையாகப் போய்
வெள்ளையாகவே திரும்புகிறேன்.
நெஞ்சில் குத்திய வில்லை
எனக்குள் எவ்வளவு புகுந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.
இதுவரை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்து வீடுதான்.

புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்த அன்று
ஊரே மேட்டில் நின்று பார்த்தது.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மேயர் மட்டும் கைதட்டினார்.
அதன் நிழல் விழுந்துகொண்டிருந்த இடத்தில்
இன்று ஆறு சிறிய அணு உலைகள்,
தரைக்கடியில்,
கிணற்றுக்குள் நழுவவிட்ட குடங்கள் மாதிரி.

பம்பு கிடையாது.
சூடான நீர் தானே எழும்பும்,
ஆறியது தானே இறங்கும்.
பயிற்சியில் இதைக் கேட்டதும்
"எங்கள் மாமியார் வீட்டு சூப் சட்டி" என்றான் நிகுஷோர்.
பரீட்சையில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும்
எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

ஆறும் தரும் மின்சாரம் அத்தனையும்
பாலத்துக்கு அந்தப் பக்கம்,
ஜன்னலே இல்லாத நாலு கூடங்களுக்கு.
உள்ளே மனிதர்கள் பதினோரு பேர்,
மிச்சமெல்லாம் அடுக்கடுக்காய் இயந்திரங்கள்,
உலகம் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல.
கம்பிகள் போவது எங்கள் குடியிருப்பின் தலைமேல்தான்.
ஈரமான நாட்களில்
வண்டு புகுந்த காது மாதிரி இரையும்.

எங்கள் கட்டடத்துக்கோ
பழைய அனல்நிலையத்தோடு வெந்நீர்க் குழாயும் செத்தது.
வார்ப்பிரும்பு ரேடியேட்டரின் மேல்
ரெலு வெங்காயம் அடுக்கி வைக்கிறான்.
ஐந்தாம் மாடி திருமதி ஸ்டெர்க்கா
கோட்டோடு படுத்துக் கோட்டோடு எழுகிறாள்.
புதுக் குழாய் வரும் என்றார்கள்.
வரைபடத்தில் வந்தும் விட்டது,
பச்சை நிறத்தில்.

இரவு முழுக்க என் திரையில் ஒரு கோடு.
மூச்சு மாதிரி ஏறி இறங்கும் என்று சொல்ல ஆசைதான்.
உண்மையில் பெரும்பாலும்
மேசை விளிம்பு போலத் தட்டை.
எப்போதாவது ஒரு துடிப்பு.
எங்கோ விடிந்திருக்கும்.
யாரோ ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள்,
யாரோ பூனைக்குத் தொப்பி மாட்டிய படம்,
யாரோ, இடப்பக்கம் வலிக்கிறது, இது வாயுவா என்று.
அதெல்லாம் எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிவது மெகாவாட்.

போன புதன்,
கார்பாத்திய மலையிலிருந்து காற்று இறங்கி
வெளியே மைனஸ் பதினாறு.
இரண்டு நாற்பதுக்குக் கோடு நூலளவு அசைந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
சிறு அசைவு. காரணம் வெளியே. நடவடிக்கை தேவையில்லை.

காலையில் வீடு திரும்பினால்
அடுப்பைத் திறந்துவைத்து
அதன் எதிரே நாற்காலி போட்டிருக்கிறான் ரெலு,
கையில் போன்.
"தூக்கமே வரவில்லை, இதனிடம் கேட்டேன்.
வீடு குளிர்கிறது, ரேடியேட்டர் செத்துவிட்டது,
மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள், என்ன செய்ய?"
எத்தனை மணிக்கு?
"ரெண்டரை, ரெண்டே முக்கால். ஏன்?"
என்ன சொன்னது?
"கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்.
கதவிடுக்கில் துணி திணி.
உங்கள் பகுதி மின்நிலையத்தைத் தொடர்புகொள்."

வந்துவிட்டேன், சொல், என்றேன்.
அவன் சிரித்தான். காலை நீட்டினான்.
மேலே போட்டிருந்த ஜோடி என்னுடையது,
குதிகாலில் தையல் பிரிந்திருந்தது.

ஒரு மனிதனின் ஒரு கேள்விக்கு
அந்தக் கோடு அசையாது.
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்,
இரண்டு முறை.
இருந்தும் அடுத்த இரவு
குறிப்பேட்டைப் புரட்டி
'வெளியே' என்ற ஒரு சொல்லை அடிக்கப் பேனா எடுத்தேன்.
அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்,
ஏன் அடித்தேன் என்று எழுத வேண்டும்,
மேற்பார்வையாளர் படிப்பார்.

மூடியைப் பேனாவில் திருப்பிச் செருகினேன்.
கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது.